முட்டை இல்லை என்று சொன்ன பிஸ்கட்

மார்க்கையன்கோட்டை,
மார்கழி 5, சனிக்கிழமை.

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ராஜபாண்டியும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கு நான் நலம். அம்மாவைப் பற்றிக் கேட்டால், இன்று விடிகாலை பம்பையில் குளித்துவிட்டு மலையேறத் தொடங்கியதாகக் கோட்டைச்சாமி குருசாமி போன் செய்தார், அதுவரைக்கும் நலம். அதற்குப் பிறகு அவள் போனும் போகவில்லை, அவர் போனும் போகவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தால் டவர் கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் வீடியோவில் பேசுகிற மனிதர் இதென்ன கடுதாசி எழுதுகிறாரே என்று நினைப்பாய். நேற்று மதியத்திலிருந்து உனக்கு மூன்று தடவை போன் போட்டேனே, நினைவிருக்கிறதா. முதல் தடவை அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் தடவை இரும்பு மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். மூன்றாம் தடவை நீயே, என்னப்பா, என்னமோ சொல்ல வந்துட்டு முழுங்குறீகளே என்று கேட்டாய். ஐசிங்கில் எது எதுக்கு ஆகும்னு கேட்டியே ஆத்தா, அதை எழுதி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் அப்பன் நாற்பது அடி சாரத்தில் ஒற்றைக்காலில் நின்று சிமெண்டில் பூ வேலை செய்தவன், ஆனால் ஒரு உண்மையைச் சொல்லச் சொன்னால் கால் உதறும். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் நதியா. உனக்காக அம்மா போட்டிருக்கிற மாலையில் தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் நீ கேட்டதை எழுதிவிடுகிறேன், எழுத எழுதத் தைரியம் வருகிறதா பார்ப்போம்.

உன் ஆபீஸ் பெண்களுக்குப் புது வருசத்துக்கு என்ன செய்வதாக இருந்தாலும், முதலில் அது கேக்கா பிஸ்கட்டா என்று முடிவு செய்துகொள். கேக் என்றால் உன் ஜெர்மனிக் குளிருக்கு பட்டர் கிரீம்தான் சரி. வெண்ணெயை விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், வழியக் கூடாது, அந்தப் பதத்தில் சர்க்கரைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடி, மஞ்சள் போய் வெள்ளையாகும் வரை அடி. ரோஜா பிழிந்தால் அப்படியே நிற்கும். இங்கே நமக்கு அது ஆகாது, மார்கழியிலும் உச்சி வெயிலுக்குத் தலையைத் தொங்கப்போடுகிறது. போன சித்திரையில் தேவாரத்துக்கு ஒரு கல்யாண நாள் கேக்கை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், இறங்கும்போது பொண்ணு பேர் கேக்கில் இருந்தது, மாப்பிள்ளை பேர் என் சட்டையில் இருந்தது. அதனால்தான் நம் பக்கத்து பேக்கரிகளில் எல்லாம் விப்பிங் கிரீம். அது லேசு, தின்னவும் நன்றாக இருக்கும், ஆனால் பிரிட்ஜை விட்டு அதிக நேரம் வெளியே வைக்க முடியாது, ஒரு சுற்று கூடுதலாக அடித்தால் திரிந்துபோகும், திரிந்ததை உன் அம்மா வந்தாலும் திருப்ப முடியாது, ஆகையால் அதை அடிக்கும்போது யாரிடமும் போன் பேசாதே. சாக்லேட் கனாஷ் உனக்கு வரும், துண்டு போட்ட சாக்லேட் மேலே சூடான கிரீமை ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் இரு, உனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டம். பிறகு கலக்கு, இளஞ்சூட்டில் ஊற்றினால் கேக்கை வழவழவென்று மூடும், ஆறவிட்டால் கத்தியால் பூசலாம். பாண்டன்ட் என்று ஒன்று இருக்கிறது, சப்பாத்தி போல் தேய்த்து மேலே போர்த்துவது, பார்க்க டைல்ஸ் ஒட்டிய சுவர் மாதிரி பளபளவென்று இருக்கும், பிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்த்து ஊற்றும். பாதிப் பேர் அதை உரித்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் கேக்கைத் தின்கிறார்கள், நீ அதில் இறங்க வேண்டாம்.

பிஸ்கட் என்றால் இரண்டு வழி. ஒன்று கிளேஸ், சர்க்கரைத் தூளில் பாலும் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைப்பது. பளபளப்பு வரும், ஆனால் காய ஒரு நாள் ஆகும், கோடு போட்டால் கோடு நிற்காமல் ஓடும். இன்னொன்று ராயல் ஐசிங். நதியா, நான் கொத்தனார், எனக்குப் பிடித்தது அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். தோள்பட்டை போய் சாரம் ஏற முடியாமல் வீட்டில் கிடந்தவனை எழுப்பி உட்காரவைத்தது அது. உன் அம்மா தேனியில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் கேக் சுடக் கற்றுக்கொண்டு வந்தாளே தவிர அவளுக்குப் பூ பிழிய வராது, ஐசிங் பிழிகிற கோனை முதல்முதலாக என் கையில் கொடுத்தபோது, நாற்பது வருசம் சிமெண்டில் செய்ததைச் சர்க்கரையில் செய்யுங்க என்றாள். ராயல் ஐசிங் சுவருக்கு அடிக்கிற பட்டி மாதிரியேதான், கட்டியாக இருந்தால் ஓரம் கட்டலாம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இளக்கினால் நடுவில் ஊற்றி நிரப்பலாம். கரண்டியால் தூக்கி விட்டால் விழுந்த கோடு பத்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும், அதுதான் நிரப்புகிற பதம். முதலில் ஓரம், பிறகு நடு, ஊசியால் குமிழியைக் குத்திவிடு, பாத்திரத்தை ஈரத்துணியால் மூடிவை, இல்லாவிட்டால் மேலே ஏடு கட்டும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எழும்பவே எழும்பாது. காய்ந்தால் கல்லு. அடுக்கி வைத்து ஆட்டோவில் கொண்டு போகலாம். அப்படிக் கல்லாக நிற்க வைப்பது எது என்று எனக்கு நேற்று மதியம் வரை தெரியாது. அங்கேதான் நான் மாட்டினேன்.

கார்த்திகை ஒன்றாம் தேதி அம்மா மாலை போட்டது எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டும் உனக்குத் தங்காமல் போனபோது அவள் வாய்விட்டு அழவில்லை, நீ போனில் கேட்டுவிடுவாய் என்று அடக்கிக்கொண்டாள். இது நிலைத்தால் மாலை போட்டு மலைக்கு வர்றேன் என்று வேண்டிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் முட்டி வலியோடு முப்பத்து மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் இரண்டு வேளை குளித்து, தரையில் பாய் விரித்துப் படுத்து, ஒரு நேரம் சாப்பிட்டு விரதம் இருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் சாமி, நானும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பவுனு பவுனு என்று கத்தியே பழகிய வாய் எனக்கு. அடுப்படியில் முட்டை ஏறவில்லை. முட்டை அடித்த பாத்திரத்தையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். ஆர்டர் எல்லாம் முட்டை சேர்க்காததுதான் என்று கேட்டில் பலகை மாட்டினோம், எழுதியது நான்தான், பெரிய எழுத்தில் எழுதினேன்.

அந்த நேரத்தில்தான் அங்கே உன் ஊரில் வேலை பார்க்கிற சின்னமனூர் வினோத்ராஜ் லீவில் வந்தான், நீ கொடுத்துவிட்ட டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தான். சர்க்கரைத் தூளில் இந்தப் பொடியைக் கொஞ்சம் போட்டுத் தண்ணி விட்டு அடிங்கப்பா, ராயல் ஐசிங் வந்துரும் என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. நாங்கள் முட்டையை நிறுத்தியிருப்பது உனக்குத் தெரியும், ஆனால் அந்த டப்பாவை அப்போதே திறப்பேன் என்று உனக்குத் தெரியாது, நானும் இதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் கேட்கவில்லை. டப்பாவில் ஜெர்மன் எழுத்து. வெள்ளைப் பொடி, முகர்ந்து பார்த்தால் பால்பவுடர் மாதிரி இருந்தது. முட்டை என்றால் ஓட்டோடு இருக்கும், உடைத்து ஊற்ற வேண்டும், பொடியாகி டப்பாவில் வரும் என்று எந்தக் கொத்தனாருக்குத் தெரியும். ராயப்பன்பட்டி ஏஞ்சல் டீச்சர் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸுக்கு அறுபது நட்சத்திர பிஸ்கட் கேட்டிருந்தது. வியாழக்கிழமை அதை முடித்தேன், நதியா, உன் அப்பன் கையில் அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை, ஓரம் கத்தி மாதிரி நின்றது. முனை உடைந்ததும் கோணலானதுமாக இருபது மிஞ்சியது. சாயங்காலம் அம்மா காப்பி குடிக்கும்போது இரண்டை எடுத்துக் கொடுத்தேன். யோசித்தாள். முட்டை இல்ல சாமி, தைரியமாத் தின்னுங்க என்று நான்தான் சொன்னேன். இரண்டையும் தின்றாள். நல்லாருக்கு, வாயில வச்சதும் கரையுது என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை காலையில் கோவிலில் இருமுடி கட்டினார்கள். பதினோரு மணிக்கு வேன் கிளம்பியது, குருசாமியோடு பத்தொன்பது பேர். பன்னிரண்டரைக்கு ஏஞ்சல் டீச்சர் பிஸ்கட் வாங்க வந்தது, பார்த்துவிட்டு அசந்துபோய், இது எப்படிண்ணே இவ்வளவு வெள்ளையா நிக்குது என்று கேட்டது. நான் பெருமையாக டப்பாவை எடுத்துக் காட்டினேன். டீச்சர் போனை எடுத்து அந்த எழுத்தின் மேல் காட்டியது, போனில் தமிழில் வந்தது. அண்ணே, இது முட்டை வெள்ளைக்கரு பொடின்னு போட்டிருக்கே என்றது. சாதாரணமாகத்தான் சொன்னது, எங்க பிள்ளைகளுக்கு முட்டை ஆகும், ஒண்ணும் பிரச்சனை இல்ல என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா தின்ற இரண்டு ஒரு பக்கம், மிச்சத்தையாவது தூர எறிவோம் என்று அடுப்படிக்குப் போனால் சில்வர் டப்பாவோடு காணோம். அப்புறம்தான் நினைவு வந்தது, வேன் ஏறும்போது, உங்க கையால செஞ்சதுன்னு எல்லாச் சாமிகளுக்கும் குடுப்பேன் என்று அவள் பையில் வைத்துக்கொண்டு போனாள். பத்தொன்பது பேர் விரதம் நதியா. அதில் ஒரு கன்னிச்சாமிக்கு ஏழு வயது.

போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். வேனில் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். இரண்டு மணிக்குமேல் குருசாமியே கூப்பிட்டார், குமுளியில் சாப்பிட நிறுத்தியிருக்கோம், எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டீக என்று கேட்டார். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். அவள் சந்தோசமாகப் பேசினாள், சாப்பாடு முடிஞ்சது, இப்பத்தான் உங்க பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போறேன் என்றாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே. அத்தனை சாமிகளுக்கு நடுவில் அவள் நிற்கிறாள், நான் முட்டை என்று சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன், என் வாய் தானாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது. பவுனு, அதைத் தொடாத, அதுல எறும்புப் பொடி விழுந்திருச்சு என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. அவள் முந்தின நாள் இரண்டு தின்றிருக்கிறாள். நேத்தே ரெண்டு தின்னுட்டனே என்றாள், அந்தக் குரல் மாதிரி ஒரு குரலை முப்பத்தொரு வருசத்தில் நான் கேட்டதில்லை. காலையிலருந்து நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு, அது இதானா என்றாள். என் பேரப்பிள்ளையைப் பாக்க மாட்டேனா என்றாள். குருசாமி போனை வாங்கி, என்னய்யா இது, வண்டியைத் திருப்புங்கடா, கம்பத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கத்தினார். இருமுடி ஏற்றிப் போன வண்டியை என் ஒரு பொய் மலையிலிருந்து திருப்பப் பார்த்தது. நான் அய்யோ சாமி, எறும்புப் பொடி இல்ல, பொய், முட்டை, முட்டைதான், முட்டைப் பொடி, எனக்குத் தெரியாமப் போச்சு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன், எதிர்வீட்டு ஜக்கம்மா கதவைத் திறந்து பார்த்தது.

அம்மா போனை வாங்கினாள். அட கிறுக்கு மனுசா, முட்டைதானா என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு, உயிரு போயிருச்சுன்னு நெனச்சேன், இப்ப விரதம் போயிருச்சு, நான் திரும்பி வந்துரவா என்று கேட்டாள். குருசாமி பக்கத்தில் இருக்கிறார், அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் எந்த முடிவும் எடுக்கிறவன் இல்லை, வீட்டுக்கு என்ன பெயிண்ட் என்பதுகூட அவள்தான். ஆனாலும் எப்படியோ, போ பவுனு, ஏறு, பாவம்னு ஒண்ணு இருந்தா அது என் தலையில வரட்டும், உனக்கும் பிள்ளைக்கும் வராது என்று சொல்லிவிட்டேன். குருசாமியும், தெரியாம உள்ள போனது குத்தமில்ல, பம்பையில முங்கி சரணம் சொன்னாத் தீரும், அந்த டப்பாவை மட்டும் மேல கொண்டு போக வேணாம் என்று சொல்லி, அதைக் குமுளியில் சாப்பாட்டுக் கடையிலேயே கொடுத்துவிட்டார்.

வைப்பதற்கு முன்னால் அம்மா ஒன்று சொன்னாள். குருசாமி சொன்னது எனக்குச் சரி, ஆனா மாலை என் கழுத்துல கிடந்தாலும் அது நதியாவுக்காகப் போட்டது, நீங்க செஞ்சதை நீங்களே அவகிட்டச் சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன், அவ எனக்கு போன் பண்ணி அப்பா சொல்லிட்டாருன்னு சொல்ற வரைக்கும் வீட்டுக்கு வந்தாலும் மாலையைக் கழட்ட மாட்டேன். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் உனக்கு மூன்று தடவை போன் போட்டேன். முட்டை என்ற சொல்லே வாயில் வரவில்லை. ஏழாம் மாசம், நீ பயந்துபோய், ஏதாவது ஆகிவிட்டால்? முந்தைய இரண்டு தடவையும் போனில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது, அந்த போனைப் பார்த்தாலே எனக்குப் பயம். இந்தக் கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பு என்று ஏஞ்சல் டீச்சர் சொல்கிறது. அனுப்பினால் நீ பஸ்ஸில் நிற்கும்போது படிப்பாய், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வினோத்ராஜ் நாளை கிளம்புகிறான், மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நீ உட்கார்ந்த பிறகு கொடு என்று சொல்லி அவனிடம் கொடுக்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் கைக்கு வரும்.

இன்று சனிக்கிழமை ஆகையால் காலையில் குச்சனூர் சனி பகவான் கோவிலுக்கு நடந்தே போய் எள்ளு விளக்கு ஏற்றினேன். காக்கைக்குச் சோறு வைத்தேன், அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. எடுத்தது நல்லதா, மிச்சம் வைத்தது கெட்டதா என்று யாரைக் கேட்பது. குருசாமி தீர்ந்தது என்று சொல்லிவிட்டார், எனக்குத் தீரவில்லை. அவள் படியேறும்போது மூச்சு வாங்கினாலும் அந்த பிஸ்கட்தான், உனக்கு இடுப்பு வலித்தாலும் அந்த பிஸ்கட்தான் என்று மனசு போகிறது. நீ படித்தவள், இதெல்லாம் ஒன்றும் இல்லை அப்பா என்பாய். அதைத்தான் உன் வாயால் கேட்கக் காத்திருக்கிறேன், கோபமாக இருந்தால் திட்டிவிட்டாவது சொல்.

டாக்டரிடம் போகிற தேதியைத் தள்ளிப்போடாதே. பனியில் வழுக்கும், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட. ராயல் ஐசிங் போடுவதாக இருந்தால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவர்கள் முட்டை சாப்பிடுவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள், கேட்காமல் கொடுக்காதே. வினோத்ராஜிடம் அதிரசமும் கருப்பட்டியும் கொடுத்திருக்கிறேன், அதில் முட்டை கிடையாது, இந்தத் தடவை நன்றாகத் தெரிந்துதான் சொல்கிறேன். நீயும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், சுருளி வேலப்பர் துணை இருப்பார்.

இதைப் படித்து முடித்ததும் எனக்கு போன் செய்ய வேண்டாம் ஆத்தா, முதலில் அம்மாவுக்குச் செய். உன் போன் வரும் வரைக்கும் அவள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தரையில்தான் படுத்திருப்பாள்.

உன் அப்பா,
சுருளியாண்டி.